பனியன் துணி

பெயின்டர் வீட்டுக்குள் க்ரீம் வரக்கூடாது என்பது கல்யாணமான மாதமே போடப்பட்ட சட்டம். சொந்தக்காரர்கள் கொடுத்த இரண்டு க்ரீம் பாட்டில்களும் ஒரு தைலக் குப்பியும் அந்த வாரமே பக்கத்து வீட்டுக்குப் போயின. அவர் வண்டிகளுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவர். தகரத்தின் மேல் எங்கேயாவது ஒரு பொட்டுப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் படியாது. சுற்றிலும் விலகிக்கொண்டு நடுவில் ஒரு குட்டிப் பள்ளம் விடும். பட்டறையில் அதற்கு மீன்கண் என்று பெயர். ஒரு கதவில் பத்து மீன்கண் விழுந்தால் கதவு முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். தேய்த்த பிறகும் அது போய்விட்டது என்று சத்தியம் பண்ண முடியாது.

அவர் தன் கையைத் தின்னரில் கழுவுவார். அது பெயின்டையும் எடுக்கும், தோலையும் எடுக்கும். உள்ளங்கை சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். அதைப் பற்றி அவர் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. குறை சொல்லாதவர்களோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. நாமும் குறை சொல்லக்கூடாது என்று ஆகிவிடும்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டுக் கழுவுகிற வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை. வரிசையாக மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் மிச்சம் மீதியைத் தட்ட வேண்டும். இரண்டாவதில் சோப்புக் கரைசலும் சுடுதண்ணீரும். மூன்றாவதில் ப்ளீச் கலந்த தண்ணீர். அவள் நடுத் தொட்டிக்காரி. நோயாளிகள், கூட இருப்பவர்கள், டாக்டர்கள் எல்லோரும் சாப்பிட்ட குழித்தட்டுகள் அவள் கை வழியாகத்தான் போகும். கேன்டீன் மாஸ்டர் அவளுக்கு ‘நுரை’ என்று பெயர் வைத்திருந்தார். நுரையைக் கூப்பிடு, நுரை இன்னைக்கு லீவா, நுரை கோவமா இருக்கு. மாதத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் உறை கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் கட்டைவிரல் பக்கம் கிழியும். பிறகு உறைக்குள் தண்ணீர் புகுந்து கை ஊறிக்கொண்டே இருக்கும். அதற்கு உறை இல்லாமலே கழுவலாம்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. பகலெல்லாம் வறண்ட காற்று அடித்தது. துணி காயப் போட்டால் அரை மணியில் அட்டையாக விறைத்தது. அவள் கையும் அப்படித்தான் ஆனது. முதலில் விரல் கணுக்களில் வெள்ளைக் கோடுகள். பிறகு கோடுகள் திறந்து சிவப்பு தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த வெடிப்பு தட்டைப் பிடிக்கும்போதெல்லாம் வாய் திறந்து மூடியது. எலுமிச்சம்பழம் பிழிய முடியவில்லை. உப்பு ஜாடிக்குள் கரண்டியை விட்டாள். மகளுக்குத் தலை பின்னும்போது ரிப்பனின் நைலான் இழை விரலில் மாட்டி மாட்டி இழுத்தது.

“அம்மா, உன் கையால பென்சில் சீவலாம்” என்றாள் மகள். அவளுக்கு ஒன்பது வயது.

“சீவித் தரேன், கொண்டா” என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேன்டீனில் தட்டை வைக்க வந்த ஒரு நர்ஸ் ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தோல் வார்டு நர்ஸ். கோழி வாங்குகிறவர்கள் கோழியைத் திருப்புவதுபோலத்தான் திருப்பினாள். இதை இப்படியே விட்டால் சீழ் பிடிக்கும், அப்புறம் கேன்டீன்காரனே உன்னை வெளியே அனுப்புவான் என்றாள். மறுநாள் ஒரு ட்யூப் கொண்டுவந்து கொடுத்து எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைக்க வேண்டும். துவாலையால் தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கப் போவதற்குள் பூச வேண்டும். பூசியபின் மெத்தென்ற பருத்தித் துணியால் சுற்றி இரண்டு மணி நேரம் எந்த வேலையும் செய்யக்கூடாது.

“ரெண்டு மணி நேரம் வேலை செய்யாம இருந்தா என்னைப் பொணம்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றாள் அவள்.

“தூக்கறவங்க கிட்ட ட்யூபைக் காட்டு” என்றாள் நர்ஸ். “இது சாதா க்ரீம் இல்ல. தண்ணிய உள்ள விடாது. நாலு தடவை கழுவினாலும் லேசுல போகாது. உன் வேலைக்கு இதான் சரி.”

அவள் ட்யூபை அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். கணவருக்குச் சொல்லவில்லை. சட்டம் அவர் கைக்கா, வீட்டிலிருக்கிற எல்லாக் கைக்குமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வருவது ஏழு மணிக்கு. மகள் பள்ளியிலிருந்து டியூஷன் போய்த் திரும்ப ஐந்தரை ஆகும். மூன்றிலிருந்து ஐந்து வரை வீட்டில் அவள் மட்டும்தான்.

மெத்தென்ற பருத்தித் துணி என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தகரத்தைக் கடைசியாகத் துடைக்கிற பழைய பனியன் துணி. பட்டறையிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை மூட்டையாக வரும். அவள் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்து அனுப்புவாள். முன்பு இருந்த பெயின்டர் வீட்டிலும் அவர் மனைவிதான் துவைத்தாளாம். அதனால் இவளும் துவைத்தாள். இதற்கு அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. நூறு தடவை துவைத்த துணி அது, வெண்ணெய்போல இருக்கும். அதில் இரண்டை எடுத்துக் கைக்கு ஒன்றாகச் சுற்றி, பல்லால் முடிச்சிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு அவிழ்த்து அந்த இரண்டையும் மற்றவற்றோடு சேர்த்துச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். சோப்புப் போட்டால் போகாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அவள் பிழைப்பே சோப்பில் நடந்தது.

மூன்றாம் நாள் எரிச்சல் நின்றது. ஐந்தாம் நாள் கணுக்களில் வெடிப்பின் ஓரங்கள் கீழிறங்கி ஒட்டிக்கொண்டன. பத்தாம் நாள் கட்டைவிரல் வெடிப்பு மூடி, அந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் வந்தது. அதை அழுத்திப் பார்ப்பது அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கணவர் கவனிக்கவில்லை. மகள் மட்டும் ரிப்பன் மாட்டவில்லையே என்று ஒருநாள் திரும்பிப் பார்த்தாள்.

அதே வாரத்தில்தான் பட்டறையில் மீன்கண் விழத் தொடங்கியது.

ஒரு கம்பெனியின் ஐந்து வேன்கள் வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை. முதல் வேனின் இடது பக்கம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக வந்தது. பெயின்டர் கம்ப்ரசரைக் கழற்றி உள்ளே எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். காற்று வடிகட்டியை மாற்றினார். தின்னரை மாற்றினார். வேனை மறுபடி தேய்த்து அடித்தார்கள். பின்கதவில் விழுந்தது. இரண்டாவது வேனில் கூரையில் விழுந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது அவர் அன்றைக்கு எதை மாற்றினார் என்று சொன்னார். புலம்பலாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையை ஒவ்வொரு படியாகச் சரி பார்ப்பதுபோலச் சொன்னார். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். கம்ப்ரசர், வடிகட்டி, தின்னர் என்று போன வரிசையில் துணி வரவில்லை. துணி அவள் துவைப்பது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.

முதலாளி ஸ்ப்ரே கன்னை வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்ட அன்று பெயின்டர் பாதிச் சோற்றில் கை கழுவினார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கன்னை அவர்தான் பிடிக்கிறார். அவர் வீட்டுக்குப் போன பிறகும் கன்னின் கைப்பிடியில் அவர் விரல் தேய்ந்த இடம் இருக்கும். வேறொருவர் அதைப் பிடித்தால் பிறகு அவர் பட்டறையில் யார்?

மறுநாள் மாலை வந்தவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். பிடித்துவிட்டேன் என்றார். பட்டிக்காரர்தான் காரணமாம்.

பட்டிக்காரர் அந்தப் பட்டறையில் அவரைவிடப் பழைய ஆள். தகரத்தின் பள்ளங்களில் பட்டியை அப்பி, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரால் வழவழவென்று தேய்க்கிறவர். பட்டறையில் வண்டியை அதிகம் தொடுகிற கை அவருடையது. நாளெல்லாம் நீரிலும் மணல் தாளிலும் கிடக்கிற கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விரல் நுனிகளில் ரேகையே கிடையாது, வெடிப்பு மட்டும்தான். வெடிப்புக்குள் பட்டித் தூள் போய் உட்கார்ந்து சாம்பல் கோடுகளாக நின்றது. பெயின்டருக்கு இரண்டு நாளாக அவர் மேல் ஒரு மருந்து வாசனை அடித்தது. ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு களிம்பு டப்பா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுகிறேன், திங்கட்கிழமை காலையில் தின்னர் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன் என்று பட்டிக்காரர் சொன்னாராம். முதலாளி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். போயிட்டு வாங்க என்றார். பதினைந்து வருஷ வேலை இரண்டு வார்த்தையில் முடிந்தது.

“அவர் என்ன சொன்னாரு?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல. சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் தன் கையைப் பார்த்தாள். தண்ணீர் அதன்மேல் பரவவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. நாலு தடவை கழுவினாலும் லேசில் போகாது என்று நர்ஸ் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் முதல் காரியமாக அந்த இரண்டு துணிகளையும் தேடினாள். எது எதுவென்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெளுப்பு, ஒரே மடிப்பு. ஒன்றாகத் துவைத்ததில் ஒன்றின் மேல் இருந்தது மற்றவற்றுக்கும் ஒட்டியிருக்கலாம். அதனால் மூட்டை முழுவதையும் குப்பை வண்டியில் போட்டாள். எலி கடித்துவிட்டது, புதுசு வாங்கச் சொல்லுங்கள் என்று கணவரிடம் சொன்னாள். கைக்குப் பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். க்ரீமை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். கை அப்போதுதான் ஆறி வந்துகொண்டிருந்தது.

புதுத் துணியால் துடைத்து அடித்த மூன்றாவது வேன் கண்ணாடிபோல வந்தது. ஒரு பள்ளம் இல்லை. நான்காவதும் அப்படியே. பட்டறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளை அனுப்பியதும் மீன்கண் போய்விட்டதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் குப்பையில் போட்ட மூட்டை பட்டிக்காரர் மேல் குற்றத்தை முத்திரை குத்தி உறுதிப்படுத்திவிட்டது. இது அவளுக்கு விளங்க ஒரு நாள் பிடித்தது. விளங்கிய பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், கை ஆறுவதைப் பார்த்தாள்.

எட்டாம் நாள் காலையில் கேன்டீன் மாஸ்டர் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து மூன்றாம் தொட்டியில் நிறுத்தினார். பட்டிக்காரரின் மனைவி.

இருவருக்கும் பழக்கமுண்டு. பட்டறை ஆட்களின் வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொண்டதுதான். அந்த அம்மாள் இதுவரை வெளி வேலைக்குப் போனதில்லை. வீட்டில் தையல் மட்டும். ப்ளீச் தண்ணீரில் முழங்கை வரை விட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, முதல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் நாலு பட்டறை ஏறி இறங்கிவிட்டார் என்றாள். மீன்கண் ஆள் என்று எல்லா இடத்துக்கும் செய்தி போயிருக்கிறதாம். எங்கே போனாலும் வாசலிலேயே கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்களாம். இவளைக் குறை சொல்லவில்லை. இவள் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நாலாம் நாள் அந்த அம்மாளின் விரல் கணுக்களில் வெள்ளைக் கோடுகள் வந்தன.

“ஊசியே பிடிக்க முடியல. நூல் எல்லாம் விரல்ல மாட்டுது” என்றாள். பிறகு தொட்டி விளிம்பில் இருந்த இவள் கையைப் பார்த்தாள். “எத்தனை வருஷமா இங்க இருக்க நீ? உன் கை மட்டும் எப்படி இப்படி இருக்கு? என்ன போடற?”

“ஒண்ணும் போடல அக்கா” என்றாள் இவள்.

அன்று சாயங்காலம் மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். பெயின்டர் கதவோரத்தில் உட்கார்ந்து நகத்திலிருந்து வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் அரிசி டப்பாவிலிருந்து ட்யூபை எடுத்து அரிசியை உதறிவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“ஒண்ணு சொல்லணுங்க. நடுவுல பேசாதீங்க. அந்த மீன்கண்ணு என்னால விழுந்தது.”

அவர் சிரித்தார். “நீ எப்ப பட்டறைக்கு வந்த?”

“நான் வரல. துணி வந்துச்சு.”

சுற்றியது, துவைத்தது, மூட்டையைக் குப்பையில் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ட்யூபைத் திறக்கவில்லை, தொடவும் இல்லை. பாம்பைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எலி கடிச்சதுன்னு சொன்ன.”

“ஆமா.”

“வேன் அஞ்சும் போயாச்சு. யாரும் எதுவும் கேக்கல. இப்ப எதுக்குக் கிளப்பற?”

“அந்தக்கா எம்பக்கத்துல நின்னு தட்டுக் கழுவுது.”

“கழுவட்டும். நீ கழுவல?”

“அந்தக்கா கை வெடிக்க ஆரம்பிச்சிருச்சு. என்ன போடறேன்னு கேட்டுச்சு. ஒண்ணும் போடலேன்னு சொன்னேன்.”

அவர் தன் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதப் பாத்தியா நீ? பதினோரு வருஷமாப் பாக்கறியே, நான் ஏதாவது பூசுனேனா?”

“பூசல. அது உங்க இஷ்டம். என் கையையும் சேத்து நீங்க முடிவு பண்ணிட்டீங்க.”

“ஒருத்தன் வேலை பண்ணினாத்தான் வீடு நடக்கும். கை பெருசா, வேலை பெருசா?”

“யாரு கை?” என்றாள் அவள். “யாரு வேலை?”

வெளியே காற்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போனது. அவர் மறுபடி நகத்தைச் சுரண்டினார். வெள்ளை போன பிறகும் சுரண்டினார்.

“அவர் பையில கைய விட்டு டப்பாவ எடுத்தது முதலாளி இல்ல. நான். தெரியும்ல?”

“தெரியும். அதான் உங்ககிட்ட மொதல்ல சொல்றேன். நாளைக்கு வேலை முடிஞ்சு நேரா பட்டறைக்கு வரேன்.”

“வந்தா கன் என் கைய விட்டுப் போயிடும்.”

“போகலாம்” என்றாள். அவருக்கு ஆறுதலாக வேறு எதுவும் அவளிடம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவள் மூன்று மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தபோது டிங்கர் ஒரு கதவைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் எல்லோரும் திரும்பினார்கள். பட்டறை ஒரு நீளக் கொட்டகை. முன்பகுதி டிங்கருக்கு, நடுப்பகுதி தேய்ப்புக்கு, கடைசியில் பிளாஸ்டிக் திரை தொங்குகிற ஸ்ப்ரே அறை. நடுப்பகுதியில் ஒரு புது ஆள் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தேய்த்த இடம் திட்டுத் திட்டாக இருந்ததை அவளே பார்த்தாள்.

அவள் சொன்னதை முதலாளி முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு நம்பவில்லை. சோப்புப் போட்டுத் துவைத்த துணியில் என்ன இருக்கும், இதெல்லாம் யாரோ சொல்லிக் கொடுத்த பேச்சு என்றார்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு வேலை வேணாமா?”

“அவருக்கும் வேணும். பட்டிக்காரருக்கும் வேணும்.”

அவள் ட்யூபைப் பிதுக்கி வலது கையில் பூசினாள். ஊறுகிறவரை எல்லோர் முன்னாலும் நின்றாள். பிறகு தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கேன்டீனில் கழுவுகிற மாதிரி, விரல் இடுக்கு விரல் இடுக்காக. முதலாளியையே எண்ணச் சொன்னாள். நாலு தடவை. ஒரு துணியில் துடைத்துவிட்டு, ப்ரைமர் அடித்து ஓரமாகச் சாய்த்திருந்த பழைய பானட் மூடியில் உள்ளங்கையை விரித்து வைத்து எடுத்தாள். தகரத்தில் எதுவும் தெரியவில்லை.

“அடிங்க” என்றாள் கணவரைப் பார்த்து.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். மூடியை ஸ்ப்ரே அறைக்குத் தூக்கிப் போனார்கள். பெயின்டர் வெள்ளையைக் கலக்கி, வடிகட்டி, கன்னில் ஊற்றினார். இந்த மூடிக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கை ஒரே உயரத்தில் போய் வந்தது. கெடப்போகிற வேலை என்று தெரிந்தும் அவர் நன்றாகத்தான் அடித்தார்.

அரை நிமிஷம் வெள்ளை பால்போலக் கிடந்தது. பிறகு நடுவில் மெல்ல விலக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் மேடு. அப்புறம் ஒவ்வொரு விரலாகப் பள்ளம் பள்ளமாகத் திறந்துகொண்டு ஒரு கை முழுசாக எழுந்து வந்தது. ஆறிய பழைய வெடிப்பின் கோடுகூடக் கட்டைவிரல் ஓரத்தில் விழுந்திருந்தது.

டிங்கர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“கைரேகை ஜோசியக்காரன் வந்தா ஆயுசே சொல்லிடுவான்” என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. மூடியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பட்டறைத் துணி இனிமேல் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது, வாங்கித் துடைத்துத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். அதை அவர் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு அவளிடம் திரும்பினார்.

“இந்தக் க்ரீமை விட்டுடுவ இல்ல?”

“விட மாட்டேன்” என்றாள்.

அவர் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கன் உன்கிட்டயே இருக்கட்டும்” என்றார் முதலாளி. “ஆனா அவரை நீதான் போய்க் கூப்பிடணும். நான் கூப்பிட்டா வர மாட்டாரு.”

பட்டிக்காரர் வீடு நாலு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு அறை, வாசலில் ஒரு குழாய். கணவரும் மனைவியும் நடந்தே போனார்கள். குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் பெயின்டர் நின்றுவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள்.

பட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து தன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் கையைத் துவாலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து எப்படிக் குத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசி அவர் விரலுக்குள் அடங்கி நேராகப் போய் வந்தது. பெயின்டரின் மனைவி அந்த விரல்களைப் பார்த்தாள். சாம்பல் கோடுகளைக் காணோம். நுனிகளில் புதுத்தோல் வந்து பளபளத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீரும் மணல் தாளும் படாததில் அந்தக் கை வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பட்டிக்காரரின் மனைவி துவாலைக்குள் இருந்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தாள்.

“ஒண்ணும் போடலேன்னு சொன்னியே” என்றாள்.

“பொய் சொன்னேங்க்கா.”

“நாலு நாளா என் பக்கத்துல நின்னு.”

“ஆமாங்க்கா.”

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டிக்காரர் நூலைக் கடித்து அறுத்தார்.

“வெளிய யாரு நிக்கறது? தெருவுல என்ன காவலா? உள்ள வரச் சொல்லு.”

பெயின்டர் வந்து வாசற்படிக்கு உள்பக்கமாக உட்கார்ந்தார். டீ வந்தது. நாலு டம்ளர். பாதி குடித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“பையில கைய விட்டிருக்கக் கூடாதுண்ணே.”

“என் பையில வேற என்ன இருக்கும்னு நெனச்ச?” என்றார் பட்டிக்காரர். குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதப் பாரு. போன வாரம் சோத்துல உப்பு போட்டுப் பிசைஞ்சேன். எரியல. எரியலேன்னு தெரியறதுக்கே ரெண்டு வாய் ஆச்சு. பதினஞ்சு வருஷமா கரண்டியில சாப்பிட்டவன் நான்.”

“திங்கக்கிழமை வந்துடுங்கண்ணே. முதலாளி சொல்லிட்டாரு.”

“வரேன். வராம?” கையை மூடி மூடித் திறந்தார். “புதுசா ஒருத்தன் தேய்க்கறானாமே. எப்படி?”

“திட்டுத் திட்டா இருக்கு.”

“இருக்கும்” என்றார். அதில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

குடித்து முடித்த டம்ளர்கள் நடுவில் கிடந்தன. பட்டிக்காரரின் மனைவி எடுக்கப் போனாள். துவாலையிலிருந்து வெளியே வந்த கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. வை, நான் கழுவறேன் என்று பட்டிக்காரர் எழுந்தார். உங்க கை நாளைக்கு ஒரு நாளாவது இப்படியே இருக்கட்டும், திங்கக்கிழமையிலிருந்து தண்ணியிலதானே கெடக்கப்போகுது என்று அந்த அம்மாள் டம்ளரை விடவில்லை. பெயின்டரின் மனைவி கையை நீட்டினாள். அந்த அம்மாள் அவளிடம் கொடுக்கவில்லை.

பெயின்டர் எழுந்தார். நாலு டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு வாசல் குழாய்க்குப் போனார். குந்தி உட்கார்ந்தார். தன் வீட்டில் அவர் டம்ளர் கழுவியதில்லை. சோப்பை அதிகம் எடுத்தார். குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர் அவர் சட்டையிலும் மடியிலும் தெறித்தது. சோப்பு விரல் வெடிப்பில் இறங்கியபோது தோள் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் கழுவிக்கொண்டே இருந்தார்.

கொண்டுவந்து கவிழ்த்தபோது டம்ளர் விளிம்புகளில் நுரை போகவில்லை. நடுத்தொட்டிக்காரி அதைப் பார்த்தாள். மூன்றாம் தொட்டிக்காரியும் பார்த்தாள்.

“நல்லா கழுவியிருக்காரு” என்றாள் பட்டிக்காரரின் மனைவி.